இழைக்கு நிறம், துணிக்கு அசைவு

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில், குன்றக்குடியைத் தாண்டியதும் பிள்ளையார்பட்டி. பாறையைக் குடைந்த கோயிலுக்குள் கற்பக விநாயகர் வீற்றிருக்கும் ஊர். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று இங்கே இருக்கிறது. இந்த ஊரிலும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும், பழைய வீடுகளில் கிடக்கும் சோபாக்களுக்குப் பெரும்பாலும் ஒரே குறைதான். சட்டம் தேக்கு, இன்னும் இரண்டு தலைமுறைக்குத் தாங்கும். ஸ்பிரிங்கும் பஞ்சும்கூடப் பரவாயில்லை. துணிதான் போயிருக்கும். வெயில் விழும் பக்கம் வெளுத்து, கை வைக்கும் இடம் மங்கி, தலை சாய்க்கும் இடம் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும் இப்படிப்பட்ட சோபாக்களைப் பார்க்கலாம். மரத்தைத் தட்டிப் பார்த்து மகிழ்பவர்கள், துணியைப் பார்த்ததும் தயங்கிவிடுகிறார்கள்.

துணி மாற்ற வேண்டுமென்றால் மூன்று பேர் உட்காரும் சோபாவுக்குச் சுமார் பத்து மீட்டர் வேண்டும். அதற்கு மேல் குஷன்காரரின் கூலி. எல்லாக் குடும்பத்துக்கும் அது கட்டுப்படியாகாது. அதைவிட மிகக் குறைந்த செலவில் இன்னொரு வழி இருக்கிறது: இருக்கும் துணிக்கே பெயிண்ட் அடிப்பது. சொன்னவுடன் இரண்டு கேள்விகள் வரும். காய்ந்ததும் அட்டை மாதிரி விறைத்துப் போகாதா? உட்கார்ந்து எழுந்தால் வேட்டியிலும் புடவையிலும் ஒட்டிக்கொள்ளாதா? இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் விடை இயற்பியலிலும் வேதியியலிலும் இருக்கிறது. விடையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: துணிக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது, துணிக்குள் இருக்கும் ஒவ்வொரு இழைக்கும் அடிக்க வேண்டும். அது ஏன், எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

நிறம் உட்காரும் இரண்டு இடங்கள்

செட்டிநாட்டில் நிறத்துக்குப் பெயர்பெற்ற பொருள்கள் இரண்டு. ஒன்று, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கிச் சேலை. மற்றொன்று ஆத்தங்குடி ஓடு. நிறத்தைப் பிடித்து வைக்கும் இரண்டு வேறு வழிகளுக்கு இவை இரண்டும் நல்ல சான்றுகள்.

கண்டாங்கியில் நூலுக்குச் சாயம் ஏற்றிய பிறகுதான் தறியில் பாவு ஓடும். சாயம் என்பது தண்ணீரில் தனித்தனி மூலக்கூறாகக் கரையும் பொருள். அந்த மூலக்கூறின் அளவு சுமார் ஒரு நானோமீட்டர். பருத்தி இழை நனையும்போது வீங்கும். அதன் உடம்புக்குள் சில நானோமீட்டர் அகலமுள்ள இடுக்குகள் திறக்கும். சாயம் அவற்றின் வழியே உள்ளே புகுந்து, செல்லுலோஸைப் பற்றிக்கொண்டு தங்கிவிடும். இழைக்கு வெளியே புதிதாக எதுவும் ஏறவில்லை. அதனால்தான் சாயமேறிய நூல் வெள்ளை நூலைப் போலவே மென்மையாக இருக்கிறது.

ஆத்தங்குடி ஓட்டில் இருப்பது சாயம் அல்ல, நிறமி. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறமி கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். நிறமி கரையாத தூள். அதன் துகள் பல நூறு நானோமீட்டர் அளவுள்ளது. சாய மூலக்கூறைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது. அது எந்த இழைக்குள்ளும் நுழையாது. எதன் மேலும் தானாக ஒட்டவும் ஒட்டாது. அதைப் பிடித்து வைக்க இன்னொரு பொருள் வேண்டும். ஓட்டில் சிமெண்ட் அந்த வேலையைச் செய்கிறது. பெயிண்டில் பைண்டர் என்ற பசை செய்கிறது.

சோபாவுக்கு அடிக்கப்போவது பெயிண்ட். அதாவது சேலையைப் போல மென்மையாக இருக்க வேண்டிய ஒரு பொருளுக்கு, ஓட்டுக்கு நிறமேற்றும் முறையைக் கொண்டுவருகிறோம். சிக்கல் முழுவதும் இங்கே பிறக்கிறது.

கடல் கடந்து போன வண்ணத் துணிகள்

இருக்கைத் துணிக்கு நிறம் தீட்டுவது புதிய யோசனை அல்ல. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகப் போன கையால் எழுதிய பருத்தித் துணிகள், ஐரோப்பாவின் கட்டில்களுக்குத் திரையாகவும் நாற்காலிகளுக்கு உறையாகவும் ஆயின. அவற்றின் மேல் அங்கே எழுந்த மோகம், உள்ளூர் நெசவாளர்களைக் கலங்க வைத்தது. பிரான்ஸ் 1686-இல் தடை விதித்தது. இங்கிலாந்தின் 1721-ஆம் ஆண்டுச் சட்டம் உடுப்போடு நிற்காமல் கட்டில், நாற்காலி, திண்டு, சன்னல் திரை ஆகியவற்றிலும் அச்சிட்ட, தீட்டிய பருத்தித் துணியைத் தடுத்தது. தடைக்குத் தடை, மோகத்துக்கு மோகம். நடிகர் டேவிட் கேரிக்கின் வீட்டுக் கட்டிலுக்கு 1775 வாக்கில் வந்த இந்தியத் துணியைச் சுங்கத்துறை பறித்து வைத்தது. அந்தக் கட்டிலும் அதன் துணியும் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஐரோப்பியர்களை வியக்க வைத்தது அழகு மட்டுமல்ல. துவைத்தாலும் போகாத நிறம், தொட்டால் விறைப்பே இல்லாத துணி. அந்த இரகசியத்தை அறியத்தான் பாதிரியார் கேர்து இங்குள்ள கைவினைஞர்களிடம் கேட்டறிந்து 1742-இல் பிரான்சுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதில் இருக்கும் முறையை இன்றைய வேதியியல் நன்றாக விளக்குகிறது. துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைப்பார்கள். பிறகு கலம் என்ற மூங்கில் எழுதுகோலால் படிகாரக் கரைசலைத் தொட்டுக் கோடு வரைவார்கள். அப்போது நிறம் தெரியாது. அந்தத் துணியைச் சாயவேர் போட்ட நீரில் காய்ச்சும்போது, படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். சாயவேரில் உள்ள அலிசரின், படிகாரத்தின் அலுமினியத்தோடு சேர்ந்து இழையிலேயே கரையாத நிறமாகிவிடும். படிகாரத்துக்குப் பதில் இரும்புக் கரைசலால் எழுதிய இடம் கடுக்காயின் துவர்ப்பொருளோடு சேர்ந்து கறுக்கும்.

எருமைப்பாலுக்கு இதில் தனி வேலை உண்டு. பாலின் கொழுப்பு இழைகளுக்கிடையே படிந்து, கரைசல் பக்கவாட்டில் கசிந்து பரவுவதைத் தடுக்கும். கோடு கூர்மையாக நிற்கும். துணியின் நுண்புழைகளைக் கட்டுப்படுத்தினால்தான் நிறத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்பதை இந்தக் கரையின் கைவினைஞர்கள் செயலில் அறிந்திருந்தார்கள். கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இந்த மரபு இன்னும் உயிரோடிருக்கிறது. கோயில்களில் தொங்கும் தொம்பை, அசமானகிரி, தோரணம் ஆகியவை அங்கே எழுதப்படுகின்றன. கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் 2021-இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆனால் சட்டத்தில் ஆணியடித்த சோபாத் துணியைக் கழற்றாமல் சாயத்தொட்டியில் காய்ச்ச முடியாது. நமக்கு மிஞ்சுவது நிறமியும் பைண்டரும்தான். திருப்பூரில் பனியன்களில் படம் அச்சிடுகிறார்களே, அந்தப் பிக்மென்ட் பிரிண்டிங்கும் இதே வழிதான். சாயம் தரும் மென்மையைப் பெயிண்டில் எவ்வளவு தூரம் எட்டலாம் என்பதே கேள்வி.

துணி ஏன் வளைகிறது, பெயிண்ட் ஏன் வெடிக்கிறது

ஒரு தண்டை வளைத்தால் அதன் வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் சுருங்கும். வெளிப்பக்கம் எவ்வளவு நீள்கிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு: தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும். சோபாவின் ஓரத்தில் துணி இரண்டு மில்லிமீட்டர் ஆரத்தில் மடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருத்தி இழையின் விட்டம் சுமார் 15 மைக்ரோமீட்டர். கணக்குப் போட்டால் அதன் வெளிப்பக்கம் 0.4 விழுக்காடுதான் நீள்கிறது. அந்த இழைமேல் மெல்லிய பெயிண்ட் படலம் இருந்தால் அதுவும் அவ்வளவே நீள வேண்டும். எந்தப் பெயிண்டும் இதைத் தாங்கும்.

இப்போது பெயிண்ட் அதிகமாகி, நூலில் உள்ள இழைகளையெல்லாம் ஒன்றாக ஒட்டிவிட்டது என்போம். வளைவது இனி இழை அல்ல, 0.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரே தண்டு. வெளிப்பக்கம் 7.5 விழுக்காடு நீள வேண்டும். இன்னும் அதிகமாகி, பாவும் ஊடையும் ஒட்டிப்போய் 0.8 மில்லிமீட்டர் துணி முழுவதும் ஒரே தகடாகிவிட்டால் 20 விழுக்காடு நீள வேண்டும். படலம் வெடிக்கிறது. சோபாவின் மடிப்புகளில் வெள்ளைக் கோடுகளாக விரிசல் தோன்றுவது இப்படித்தான்.

விறைப்பின் கதையும் இதுவே. தண்டின் விறைப்பு அதன் குறுக்குப் பரப்பின் இருமடி அளவில் கூடும். நூறு இழைகள் தனித்தனியே நழுவி வளைந்தால், மொத்த விறைப்பு ஓர் இழையின் விறைப்பைப் போல நூறு மடங்கு. அந்த நூறும் ஒட்டி ஒன்றானால் பத்தாயிரம் மடங்கு. வாரியலின் ஈர்க்குகளைத் தளர்வாகப் பிடித்து வளைத்துப் பாருங்கள். பிறகு அவற்றைப் பசைபோட்டு ஒட்டிவிட்டு வளைக்க முயன்று பாருங்கள். துணியில் நடப்பது அதே மாற்றம்தான்.

ஆக, துணியின் மென்மை இழைகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் இருக்கிறது. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவ அந்த இடம் வேண்டும். ஒவ்வோர் இழையையும் மெல்லியதாகப் போர்த்திவிட்டு, இடைவெளிகளைத் திறந்தே விட்டால் நிறமும் கிடைக்கும், அசைவும் குறையாது. சோபாவுக்குப் பெயிண்ட் அடிப்பதில் வரும் எல்லா விதிகளும் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவை.

பசையின் குணம்

பெயிண்ட் அறிவியலுக்குக் காரைக்குடி புதிய ஊர் அல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. இரும்பு துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சுகள் அதன் ஆய்வுத் துறைகளில் ஒன்று. இரும்புக்குத் தேவை, நீரும் உப்பும் நுழைய ஓட்டையே இல்லாத படலம். துணிக்குத் தேவை இதற்கு நேர் எதிர்: தொடர்ச்சியே இல்லாத, இழைக்கு இழை விட்டுப் பிரிந்த படலம். கதவுக்கும் கேட்டுக்கும் அடிக்கும் எனாமலை மிஞ்சிவிட்டதென்று சோபாவுக்கு அடிப்பவர்கள் தோற்பது இந்த வேறுபாட்டால்தான். மேலும், எனாமலின் எண்ணெய்ப் பசை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மாதக்கணக்கில் வினைபுரிந்து கொண்டே இருக்கும். நாளாக ஆக இறுகி நொறுங்கும் தன்மை அடையும்.

சுவருக்கு அடிக்கும் எமல்ஷனும் துணிக்கான பெயிண்டும் அடிப்படையில் ஒரே இனம். இரண்டிலும் அக்ரிலிக் போன்ற பலபடியின் நுண்துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. நீர் ஆவியாக ஆக, துகள்கள் நெருங்கி, நசுங்கி, அவற்றின் சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிப் படலமாகின்றன. அந்தப் படலம் நெகிழுமா நொறுங்குமா என்பதைச் சொல்வது அதன் கண்ணாடிநிலை வெப்பநிலை. அதற்குக் கீழே பலபடி கண்ணாடியைப் போல இறுகியிருக்கும். மேலே ரப்பரைப் போல இளகும். பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டுக்கு இது சுமார் 105 டிகிரி செல்சியஸ். பாலிபியூட்டைல் அக்ரிலேட்டுக்குச் சுழிக்குக் கீழே சுமார் 54 டிகிரி. இரண்டின் மூலப்பொருள்களையும் வேண்டிய விகிதத்தில் இணைத்து, நடுவில் எந்த வெப்பநிலையையும் பெறலாம். சுவர் எமல்ஷனில் தூசி ஒட்டக் கூடாது என்பதால் இதை அறை வெப்பநிலைக்கு அருகில் வைக்கிறார்கள். துணிக்கான பைண்டரில் சுழிக்கும் வெகுவாகக் கீழே இறக்குகிறார்கள்.

செட்டிநாட்டு வெயிலில் சுவர் எமல்ஷனின் பலபடியும் இளகித்தானே இருக்கும், அதையே அடித்தால் என்ன என்று கேட்கலாம். தடை, அதில் கலந்திருக்கும் தூள். விலை குறைய வேண்டுமென்று சுண்ணாம்புக்கல் தூள் போன்றவற்றை நிறையச் சேர்த்திருப்பார்கள். தூளின் பங்கு ஓர் எல்லையைத் தாண்டினால், துகள்களுக்கு நடுவிலுள்ள இடத்தை நிரப்பப் பசை போதாது. இந்த எல்லையை ஆஸ்பெக், வான் லூ என்ற இரு ஆய்வாளர்கள் 1949-இல் வரையறுத்தார்கள். எல்லை தாண்டிய படலம் மடித்தால் வெடிக்கும், தேய்த்தால் தூளாக வரும். வேட்டியில் ஒட்டுமா என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது: பசை போதுமான அளவு இருந்து, துகள் ஒவ்வொன்றையும் சூழ்ந்திருந்தால் ஒட்டாது.

கடையில் ஃபேப்ரிக் மீடியம் என்று கிடைப்பது நிறமி இல்லாத இளகிய பைண்டர்தான். அதைச் சேர்ப்பதால் தூளின் பங்கு குறைகிறது, படலத்தின் நெகிழ்ச்சி கூடுகிறது. வீட்டில் நல்ல தரமான அக்ரிலிக் பெயிண்ட் இருந்தால், டப்பாவில் சொன்ன அளவில் மீடியம் கலந்து துணிக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ளலாம்.

ஈரமும் எண்ணெயும்

பெயிண்ட் துணிக்குள் இறங்குவது நுண்புழைகளின் இழுப்பால். லூகாஸ் 1918-இலும் வாஷ்பர்ன் 1921-இலும் கண்ட விதிப்படி, ஒரு திரவம் புழைக்குள் போகும் தொலைவு அதன் பிசுபிசுப்பின் இருமடி மூலத்துக்கு எதிர் விகிதத்தில் குறையும். டப்பாவிலிருந்து எடுத்த கெட்டிப் பெயிண்ட் தண்ணீரைப் போல ஆயிரம் மடங்கு பிசுபிசுப்பு உள்ளது என்றால், அதே நேரத்தில் அது தண்ணீர் போகும் தொலைவில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் போகும். மீதி மேலேயே தேங்கிக் காய்ந்து தகடாகும்.

அதனால்தான் நீர்க்கக் கலக்க வேண்டும், அடிப்பதற்கு முன் ஸ்ப்ரே பாட்டிலால் துணியை நனைக்கவும் வேண்டும். ஈரம் ஏற்கெனவே புழைகளில் இருந்தால் பெயிண்ட் அதோடு கலந்து, இழைகளைச் சுற்றிப் பரவும். பருத்தி இதற்கு எளிதாக இணங்கும்; சாதாரண ஈரப்பதமுள்ள காற்றிலேயே தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு நீரை வைத்திருக்கும் இழை அது. பாலியெஸ்டரிடம் இருப்பது 0.4 விழுக்காடுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் வேலை சுலபம். முத்தாக நின்றால், நனைக்கும் நீரில் துளி சோப்புக் கரைசல் சேர்த்துப் பரப்பு இழுவிசையைக் குறைக்க வேண்டும். அல்லது அந்தத் துணியில் இந்த முயற்சியையே தவிர்க்க வேண்டும்.

தமிழ் வீட்டு சோபாவுக்கே உரிய ஓர் எதிரி, தலையெண்ணெய். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் ஊறிய தலை சாயும் இடத்தில் இழைகளின் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கும். நீரை அடிப்படையாகக் கொண்ட பெயிண்ட் அதன் மேல் பரவாது, பரவினாலும் பற்றாது. கேர்து பாதிரியார் விவரித்த எருமைப்பால் செய்த வேலையையே இந்த எண்ணெயும் செய்கிறது. அங்கே கோட்டைக் காத்தது, இங்கே பூச்சைக் கெடுக்கிறது. அரிசி மாவையோ சாக்பீஸ் பொடியையோ தூவி ஓர் இரவு விட்டு எண்ணெயை உறிஞ்ச வைத்து, பிறகு வெதுவெதுப்பான சோப்பு நீர் தொட்ட துணியால் பலமுறை துடைத்து எடுக்க வேண்டும். சோப்பும் தங்கக் கூடாது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். வேலையின் பாதி வெற்றி இந்தக் கட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

வேலை நடக்கும் வரிசை

முதலில் சோபாவின் பின்புறம், கண்ணில் படாத இடத்தில் ஒரு கை அகலம் அடித்துச் சோதியுங்கள். காய்ந்ததும் மடித்துப் பாருங்கள், நகத்தால் கீறிப் பாருங்கள். அது சரியாக வந்தால் மட்டும் மேலே போகலாம்.

துணியை ஈரம் தெரியும் அளவு நனையுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு ஊறும் அளவு வேண்டாம். ஸ்பாஞ்சுக்குள் போன தண்ணீர் நாள்கணக்கில் நின்று பூஞ்சணம் பிடிக்கும். நீர்த்த பெயிண்டைக் கொஞ்சமாகத் தொட்டு, எல்லாத் திசையிலும் தேய்த்து இழைகளுக்குள் ஏற்றுங்கள். முதல் கோட்டு அடித்ததும் பழைய நிறம் நன்றாகவே தெரியும். திட்டுத்திட்டாகவும் இருக்கும். மனம் தளர வேண்டாம், கெட்டியாக அடிக்கும் ஆசைக்கு இடங்கொடுக்கவும் வேண்டாம். மெல்லிய மூன்று கோட்டுகள் தரும் மென்மையைத் தடித்த ஒரு கோட்டு ஒருபோதும் தராது.

ஒரு பகுதியைத் தொடங்கினால் தையலிலிருந்து தையல்வரை ஒரே மூச்சில் முடியுங்கள். ஈரமான திட்டின் விளிம்பில் நீர் வேகமாக ஆவியாகும். அதை ஈடுகட்ட உள்ளிருந்து விளிம்பை நோக்கி ஓடும் நீர், நிறமித் துகள்களையும் இழுத்துச் செல்லும். சிந்திய காபி காய்ந்தால் ஓரத்தில் கறுத்த வளையம் நிற்பது இதனால்தான் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் டீகனும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் விளக்கினார்கள். தையலில் நிறுத்தினால் அந்தக் கோடு தையலுக்குள் மறையும். வெயிலில் வைத்து அவசரமாக உலர்த்துவதும் இதே தீங்கைச் செய்யும்: மேற்பரப்பில் நீர் விரைந்து ஆவியாக, நிறமியும் பசையும் உள்ளிருந்து மேலே வந்து தகடாகச் சேரும். முற்றத்தை ஒட்டி நிழலும் காற்றோட்டமும் உள்ள வளவுத் தாழ்வாரம் இதற்கு மிக ஏற்ற இடம். பங்குனி, சித்திரை மாதங்களின் வறண்ட காற்று உதவும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தொடங்காதீர்கள்.

ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய்ந்த பிறகு நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். நூலுக்கும் நூலுக்கும் நடுவே பாலமாகப் படிந்த பெயிண்ட் இதில் அறுபடும். ஒட்டிப்போன இழைகள் மறுபடி பிரியும். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் துணியை விரலால் கிள்ளிப் பார்த்தால் வேறுபாடு கைக்கே தெரியும். சோபா வேலையில் பலர் விட்டுவிடும் படி இது. விறைப்பைப் போக்குவதில் இதற்கு இணை இல்லை.

கடைசியாக, பூச்சு உறுதிப்பட வேண்டும். திருப்பூர் பிரிண்டிங் யூனிட்டுகளில் அச்சிட்ட துணியைச் சுமார் 150 டிகிரியில் சில நிமிடம் சூடாக்குகிறார்கள். பைண்டரின் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பு விழுந்து, பூச்சு துவைத்தாலும் தாங்கும் தன்மை பெறுகிறது. ஜிப் வைத்த திண்டு உறைகளைக் கழற்றி, பின்பக்கமாக இஸ்திரி போட்டு இதைச் செய்யலாம். கழற்ற முடியாத பகுதியில் அந்தச் சூடு ஸ்பாஞ்சைக் கெடுக்கும். அங்கே பொறுமைதான் வழி. சூடில்லாமல் இறுகும் பைண்டர் உள்ள பெயிண்டாகப் பார்த்து வாங்கி, டப்பாவில் சொன்ன நாள்கள் முழுவதும் யாரும் உட்காராமல் விட வேண்டும்.

வேட்டியில் ஒட்டுமா என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. நிறம் தேய்ந்து வருகிறதா என்று பார்க்கப் பன்னாட்டுத் தர அமைப்பின் சோதனை ஒன்று உண்டு. 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள முனையில் வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, 9 நியூட்டன் விசையில், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையில் அழுத்தி, முன்னும் பின்னுமாகப் பத்து முறை தேய்ப்பார்கள். உலர்ந்த துணியால் ஒருமுறை, ஈரத்துணியால் ஒருமுறை. வீட்டில் பழைய வேட்டித் துண்டை விரலில் சுற்றி இதையே செய்யலாம். வியர்வையை நினைத்து ஈரச் சோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். நிறம் வந்தால் பூச்சு இன்னும் இறுகவில்லை, அல்லது பசை போதவில்லை.

எந்த நிறம், எந்தத் துணி

இருண்ட துணியை வெளுப்பாக்க ஆசைப்படாதீர்கள். வெள்ளையும் வெளிர் நிறங்களும் மறைக்கும் சக்தியைப் பெறுவது டைட்டானியம் டைஆக்சைடிலிருந்து. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.7, சுற்றியுள்ள பசைக்கு 1.5. இந்த வேறுபாடு ஒளியைச் சிதறடிக்கிறது. ஆனால் கீழேயுள்ள கரும்பச்சையோ நீலமோ தெரியாமல் மறைக்கும் அளவுக்குச் சிதற வேண்டுமென்றால், படலம் தடிமனாக வேண்டும். தடிமன் என்றால் விறைப்பு. இருண்ட நிறம் ஒளியை விழுங்கியே மறைக்கும் என்பதால் மெல்லிய படலம் போதும்.

அப்படியென்றால் எந்த நிறத்தைத் தேர்வது? கண்டாங்கிச் சேலையின் நிறங்களைப் பாருங்கள்: செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு. இந்த மூன்று சாயலையும் இரும்பு ஆக்சைடு நிறமிகளிலேயே பெறலாம். சிவப்பு, மஞ்சள், கறுப்பு என இரும்பும் ஆக்சிஜனும் சேரும் விதத்தைப் பொறுத்து நிறம் மாறும். விலை குறைவு, நன்றாக மறைக்கும், வெயிலில் வெளுக்காது. செட்டிநாட்டு வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான நிறங்களை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. மேலே கரையோ கட்டமோ போட விரும்பினால் விதி தலைகீழாகும்: துணி உலர்ந்திருக்க வேண்டும், பெயிண்ட் கெட்டியாக இருக்க வேண்டும், ப்ரஷ்ஷில் மிகக் கொஞ்சமே தொட வேண்டும். அப்போதுதான் கோடு கசியாது.

துணியையும் தேர்ந்தே ஆக வேண்டும். நெருக்கமாக நெய்த, தட்டையான பருத்தித் துணியும் பருத்தி கலந்த துணியும் சிறந்தவை. வெல்வெட்டின் நின்ற இழைகள் பெயிண்ட் பட்டதும் கொத்துக்கொத்தாக ஒட்டும்; அதில் வெற்றி அரிது. ரெக்ஸினில் வேறு சிக்கல். அதிலுள்ள பிவிசியை இளக்கச் சேர்த்த நெகிழியாக்கி எண்ணெய் மெல்ல மெல்லப் பெயிண்டுக்குள் ஏறி, பூச்சைப் பிசுபிசுப்பாக்கும். அதற்கென்று தயாரித்த பூச்சு இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பாட்டி காலத்துப் பட்டோ கைத்தையல் பூவேலையோ உள்ள இருக்கையாக இருந்தால் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். ஒருமுறை ஏறிய பைண்டரை இழையிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. மங்கிய அந்த வேலைப்பாடு புதிய நிறத்தைவிட மதிப்புள்ளது.

ஒரு தேக்கு மரம் சட்டத்துக்கு ஆகும் பருமனை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்த மரத்தை இழைத்து ஒருவர் சோபா செய்து, அதில் ஒரு குடும்பம் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறது. மேல் துணி மங்கியதற்காக அத்தனையையும் வாசலுக்கு வெளியே தள்ளுவது நியாயமில்லை. தள்ளுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். சட்டம் ஆடுகிறதா? பஞ்சு அமுங்கிவிட்டதா? துணி நைந்து கிழிகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் ஆசாரியிடமோ குஷன்காரரிடமோதான் போக வேண்டும். பெயிண்ட் அங்கே பயன்படாது. மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தச் சோபா இழந்தது நிறத்தை மட்டும்தான். அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு டப்பா பெயிண்டும் மீடியமும், ஒரு ஸ்ப்ரே பாட்டிலும், உப்புத்தாளும், இழைக்கும் இழைக்கும் நடுவிலுள்ள இடத்தை அடைத்துவிடாத கையும் போதும்.